பிரேக் டீச்சர் வழக்கு

கார் ஓட்டப் பழக்குகிறவர்களின் வண்டியில், பழக்குகிறவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவர் பதறிப்போய் எதையாவது மிதித்துத் தொலைத்தால், பழக்குகிறவர் தன் பக்கப் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்திவிடலாம். அந்த ஊர் டிரைவிங் ஸ்கூலில் இருந்த ஒரே பெண் ஆசிரியர் அந்தப் பிரேக்கை அவ்வளவு சுலபத்தில் தொடமாட்டார். "நானே மிதிச்சா நீ எப்ப மிதிப்ப?" என்பார். அதற்குப் பதிலாக வாயாலேயே பிரேக் போடுவார். "பிரேக்... பிரேக்... அய்யா, பிரேக்கு..." என்று அவர் போடும் சத்தம் பக்கத்து வண்டிக்காரனையும் நிறுத்த வைக்கும். அதனால் அவருக்கு பிரேக் டீச்சர் என்று பெயர் வந்தது. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சமிருந்தது.

ஐம்பதைத் தாண்டியவர். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். கணவர் வேறு ஊரில் வேறு குடும்பமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அதைப் பற்றி யாராவது வாயைக் கிளறினால், "அவரு ரிவர்ஸ் எடுத்துட்டாரு, நான் நேரா வந்துட்டேன்" என்பதோடு கதையை முடித்துவிடுவார். ஒரே மகள். பெரிய ஆஸ்பத்திரியில், விபத்தில் அடிபட்டவர்களைக் கொண்டுவரும் பிரிவில் நர்ஸ். தாயும் மகளும் துணி துவைக்கிற கடைக்கு மேலே இருந்த இரண்டு அறை வீட்டில் குடியிருந்தார்கள். வீட்டில் எப்போதும் சூடான சோப்பு வாசனை வீசும்.

ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அழுதுவிடுகிறவர்கள், காரோடு சண்டை போடுகிறவர்கள், மாமியாரை ஜெயிப்பதற்காகவே லைசென்ஸ் எடுக்க வந்தவர்கள் என்று எல்லோரையும் அவர் தேற்றி அனுப்பியிருக்கிறார். முதல் நாள் வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிடுவார். "மோதிட்டா நில்லு. பூனையா இருந்தாலும் நில்லு. நின்னுட்டு அப்புறமா பயப்படு." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் கிண்டல் இருக்காது.

அப்படிப்பட்டவரைத்தான் ஒரு நாள் பிற்பகலில், குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. பிடித்ததில் தப்பொன்றும் இல்லை. அவர் குடித்துத்தான் இருந்தார்.

அவரிடம் படித்த ஒரு பெண்ணுக்கு நகரப் பேருந்தில் டிரைவர் வேலை கிடைத்திருந்தது. நாற்பது வயதுக்கு மேல் கற்றுக்கொள்ள வந்தவள். முதல் மாதம் முழுவதும் மூன்றாவது கியருக்குப் போகவே பயந்தவள். அவள் இப்போது பேருந்து ஓட்டப் போகிறாள் என்றதும் டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. அவள் வீட்டு மாடியில் மதியச் சாப்பாடு. மேசையில் ஒயின் பாட்டில் இருந்தது. டீச்சர் எப்போதாவது, யாராவது வற்புறுத்தினால் ஒரு வாய் குடிப்பவர். அன்றைக்கு வற்புறுத்தவே தேவைப்படவில்லை. பேச்சு வளர வளர அந்தப் பெண் கோப்பையை நிரப்பிக்கொண்டே இருந்தாள். கோப்பை ஒரு தடவைகூட முழுசாகக் காலியாகவில்லை. காலியாகாத கோப்பையை எப்படிக் கணக்கு வைப்பது?

கிளம்பும்போது அந்தப் பெண், "இருங்க டீச்சர், டாக்ஸி சொல்றேன்" என்றாள்.

"வீடு பக்கம்தானே" என்றார் டீச்சர்.

தன்னிடம் படிக்கிற யாராவது இப்படிச் சொல்லியிருந்தால், அவர்களை நார்நாராகக் கிழித்திருப்பார். தான் சொன்னபோது அது வெறும் வழி விவரம் மாதிரிதான் அவர் காதில் விழுந்தது.

பேக்கரிக்குப் பக்கத்துச் சந்து குறுகலானது. அதன் திருப்பத்தில் மாற்றுச் சாவி செய்துகொடுக்கிறவர் ஒருவர் சின்னப் பெட்டிக்கடை வைத்திருந்தார். தன் சைக்கிளைக் கடை ஓரத்திலேயே சாய்த்து வைத்திருப்பார். அந்தச் சந்தில் எத்தனையோ பேருக்குத் திரும்பக் கற்றுக்கொடுத்தவர் டீச்சர். அன்றைக்குத் திருப்பத்தில் கொஞ்சம் உள்வாங்கிப் போனார். டிரைவிங் ஸ்கூல் காரின் பக்கக் கண்ணாடி சைக்கிள் ஹேண்டிலைத் தட்டியது. சைக்கிள் சாவிக்காரர் மேல் சாய்ந்தது, அவர் கையை ஊன்றினார், சாவிப் பலகை அவர் மேலேயே விழுந்தது.

டீச்சர் நிறுத்தினார். பின்னால் வந்த சரக்கு லாரி ஹாரனை அடித்துக்கொண்டே நின்றது. வழியை அடைத்துக்கொண்டு நின்றால் யாரும் உதவிக்குக்கூட வரமுடியாது என்று, காரை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, பேக்கரி வாசலில் இருந்த இடத்தில் ஒதுக்கினார். இறங்கி ஓடிவந்தார். சாவிக்காரர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. டீச்சர் மண்டியிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல், சிதறிக் கிடந்த சாவிகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"சாவியை விடுங்க. கையைப் பாருங்க" என்றார் சாவிக்காரர்.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ குனிந்து டீச்சர் முகத்துக்கு அருகே வந்து, நிமிர்ந்து, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து மூக்கைச் சுருக்கினார். அந்த ஒரு சுருக்கத்தில் டீச்சருக்கு எல்லாம் தெளிந்துவிட்டது. போதை தெளிந்ததா என்பது வேறு விஷயம்.

போலீஸ் நிலையத்தில் ஊதச் சொன்னார்கள். ஊதினார். கருவியைப் பார்த்த கான்ஸ்டபிள் பெண் எண்ணைக் குறித்துக்கொண்டாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த அட்டையைப் பார்த்து, அடுத்த ரயில் எந்த மேடையில் வரும் என்று அறிவிக்கிற குரலில் படித்தாள். "எந்தக் குற்றத்துக்காகப் பிடிச்சிருக்கோம்னு தெரிஞ்சுக்க உங்களுக்கு உரிமை இருக்கு. வீட்டுக்குத் தகவல் சொல்லலாம். வக்கீல் வச்சுக்கலாம், வசதியில்லன்னா அரசாங்கமே வக்கீல் தரும். கேக்கற கேள்விக்குப் பதில் சொல்லாம இருக்கலாம். புரிஞ்சுதா மேடம்?"

"புரிஞ்சுதும்மா."

"வக்கீல் வேணுமா?"

"தப்புப் பண்ணவளுக்கு எதுக்கு வக்கீல்? வேண்டாம்."

அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். மின்விசிறிக்கு நேராக நாற்காலியைப் போடச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். "என்ன ஆச்சு டீச்சர்?" என்று அவர் கேட்டதுதான் தாமதம், டீச்சர் மடைதிறந்த மாதிரி கொட்டிவிட்டார். கோப்பை கோப்பையாகக் குடித்தேன், கண்ணே தெரியவில்லை, நான் எல்லாம் மனுஷியே இல்லை, என்னை உள்ளே தள்ளுங்கள். கேட்டதற்கும் பதில் சொன்னார், கேட்காததற்கும் சொன்னார். அதிகாரி இரண்டு விரலால் தட்டித் தட்டி எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினார்.

மகள் நர்ஸ் சீருடையோடே வந்து சேர்ந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பக்கத்தில் உட்காரவில்லை. "அவருக்கு எப்படி இருக்கு?" என்று அதிகாரியிடம் கேட்டாள்.

"மணிக்கட்டு எலும்பு முறிஞ்சிருக்கு. கட்டுப் போட்டிருக்காங்க."

மகள் கண்ணை மூடித் திறந்தாள். தினமும் இந்த மாதிரி ஆட்களைத்தான் அவள் பார்க்கிறாள். குடித்துவிட்டு ஓட்டியவனுக்கு ஒரு கீறலும் இருக்காது, எதிரில் வந்தவன் ஸ்ட்ரெச்சரில் கிடப்பான். அவர்களைப் பற்றி வீட்டுக்கு வந்து அம்மாவிடம்தான் பொரிந்து தள்ளுவாள். இன்றைக்கு யாரிடம் போய்ப் பொரிவது?

அதிகாரி அச்சடித்த தாளையும் பேனாவையும் நகர்த்தினார். "படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"போட்டுடும்மா" என்றாள் மகள். "செஞ்சது நீதானே. போட்டுட்டு வா."

டீச்சர் பேனாவை எடுத்துவிட்டார். கழுத்தில் தொங்கிய கண்ணாடியை ஏனோ போட்டுக்கொண்டார். பழக்க தோஷம். மது அருந்திய நிலையில் ஓட்டினேன், சரி. சாவி செய்பவர்மேல் மோதிக் காயப்படுத்தினேன், சரி. அடுத்த வரியில் அவருடைய கண் நின்றுவிட்டது. 'வாகனத்தை நிறுத்தாமல் தப்பி ஓட முயன்றபோது பொதுமக்களால் தடுத்து நிறுத்தப்பட்டேன்.'

"சார், இது என்ன? நான் ஓடலையே."

"வண்டி முன்னால போச்சுன்னு ரெண்டு பேர் சொல்லியிருக்காங்க டீச்சர்."

"லாரிக்கு வழி விட்டேன்."

"அதைக் கோர்ட்டுல சொல்லிக்கலாம். இப்பக் கையெழுத்துப் போட்டா வீட்டுக்குப் போகலாம், பாவம், பொண்ணும் வேலைக்குப் போகணும்."

அவர் மிரட்டவில்லை. இரக்கத்தோடுதான் சொன்னார். டீச்சரோ அந்த வரியையே மறுபடி படித்தார். குடித்தவள் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கையை முறித்தவள் என்று எழுதுங்கள், அதற்கும் போடுகிறேன். நிற்காமல் ஓடினவள் என்று எழுதினால்? மோதினால் நில் என்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"அந்தப் பொண்ணு என்னமோ படிச்சாளே, வக்கீல்னு. அது இப்பவும் உண்டா, இல்ல நேரம் முடிஞ்சு போச்சா?"

கான்ஸ்டபிள் பெண் திரும்பிப் பார்த்தாள். "எப்ப வேணாலும் கேக்கலாம் மேடம்."

மகள் வெளியே போய்விட்டாள்.

இலவச சட்ட உதவியிலிருந்து வந்தவர் அரைத்தூக்கத்தில் இருப்பவர் போன்ற முகமுள்ள மனிதர். ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்திருந்தார். சட்டைப்பையில் மை கசிந்து நீலமாகப் பரவியிருந்தது. இவர் எதைக் காப்பாற்றப்போகிறார் என்று டீச்சருக்குத் தோன்றியது. அவர் வந்ததும் செய்த முதல் காரியம், மூடிய அறையில் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டதுதான். அதிகாரி உடனே அறையைத் திறந்துவிட்டார். கேட்டால் கிடைக்கும் என்பதே டீச்சருக்குப் புதுசாக இருந்தது.

"கண்ணே தெரியலைன்னு சொன்னீங்களாம்" என்றார் வக்கீல். "தெரிஞ்சுதா, தெரியலையா?"

"தெரிஞ்சுது சார். சைக்கிளைப் பாத்தேன். தள்ளிப் போறோம்னு நெனச்சேன்."

"அப்ப ஏன் தெரியலைன்னு சொன்னீங்க?"

டீச்சர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார். "அவ்வளவு அசிங்கமா இருந்துச்சு சார்."

"அசிங்கம் வாக்குமூலம் இல்லம்மா" என்றார் அவர். "அசிங்கப்படறவங்க செஞ்சதைவிட ஒரு கைப்பிடி கூடவே சொல்லுவாங்க. நீங்களும் சொல்லியிருக்கீங்க. இனிமே பேரு, விலாசம் கேட்டா சொல்லுங்க. மத்த எதுவும் நான் பக்கத்துல இருக்கும்போது மட்டும்."

"அது மறைக்கிறது மாதிரி ஆகாதா?"

"பொய் சொன்னாத்தான் மறைக்கிறது. நீங்க பொய் சொல்லவே வேண்டாம். சொன்னாலும் நான் விடமாட்டேன். நிதானமா, சொல்ல வேண்டிய இடத்துல சொல்லுங்கன்னு சொல்றேன், அவ்வளவுதான்."

பிறகு அவர் ரத்தப் பரிசோதனை கேட்டார். ஊதும் கருவியை மட்டும் நம்ப வேண்டியதில்லை, கேட்டால் ரத்தமும் எடுத்தாக வேண்டும் என்றார். எடுத்தார்கள். பிற்பாடு வந்த முடிவில் ஒரு அதிசயமும் நடக்கவில்லை. அளவுக்கு மேல் குடித்திருந்தார் என்றே அதுவும் சொன்னது. வக்கீல் அதைப் பார்த்துவிட்டு, "சரி, இது உறுதியாயிடுச்சு. இனி இதைப் பத்திச் சண்டை இல்லை" என்று ஒதுக்கி வைத்தார்.

கையெழுத்துப் போடாத தாளில், 'ஒப்புக்கொள்ள மறுத்தார்' என்று அதிகாரி எழுதிக்கொண்டார். மகள் பொறுப்பேற்றுக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார்கள். மகளும் வக்கீலும் வராந்தாவில் எதிரெதிரே நின்றார்கள்.

"நீங்க இவங்களைத் தப்பிக்க வைக்கத்தானே வந்திருக்கீங்க?" என்றாள் மகள். "என் வார்டுக்கு வந்து பாருங்க. இந்த மாதிரி ஆளுங்களால என்ன ஆகுதுன்னு தெரியும்."

வக்கீலுக்குக் கோபம் வரவில்லை. "உங்க வார்டுக்குக் குடிச்சு வண்டி ஓட்டினவனே அடிபட்டு வர்றான்னு வச்சுக்குங்க. ஊசி போடறதுக்கு முன்னாடி எந்த மருந்து ஒத்துக்காதுன்னு கேப்பீங்களா, மாட்டீங்களா?"

"கேப்போம். அது..."

"நல்லவனான்னு பாத்துட்டுக் கேக்கறது இல்லையே. இதுவும் அப்படித்தான்மா." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வீட்டில் பல நாள் மகள் அம்மாவோடு பேசவில்லை. சமைத்து மூடி வைப்பாள், டீச்சர் சாப்பிட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைப்பார். கீழே துணி துவைக்கும் இயந்திரங்கள் மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்து உருட்டிக்கொண்டிருந்தன.

மறுநாளே டீச்சரின் அண்ணன் வந்தார். மரக்கடை வைத்திருப்பவர். ஊரில் அவருக்குத் தெரியாத ஆள் கிடையாது என்பது அவருடைய எண்ணம். தங்கைக்குத் தலை நரைத்த பிறகும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

"ஏன் பாப்பா, போயும் போயும் நீயா? ஆம்பளை குடிச்சாலாவது நாலு பேர் நாலு நாள் பேசிட்டு விட்டுருவாங்க. இப்ப ஊரே நீ குடிச்சதைத்தான் பேசுது, அந்தாளு கையைப் பத்தி ஒருத்தனும் கேக்கல."

அவர் சொன்னது உண்மைதான். டிரைவிங் ஸ்கூலிலும் அதேதான் நடந்தது. முதலாளி, "நீங்க குடிப்பீங்கன்னே தெரியாதே" என்றுதான் முதலில் வருத்தப்பட்டார். இதை டீச்சர் பிறகு வக்கீலிடம் சொன்னபோது, "மாடியில உக்காந்து குடிச்சதுக்கு யாரும் உங்க மேல கேஸ் போடல. குடிச்சுட்டு சாவியைத் திருகுனீங்களே, அதுக்குத்தான் கேஸ். ரெண்டையும் குழப்பிக்கிட்டு ரெண்டு மடங்கு அழாதீங்க" என்றார். அந்த வாரத்தில் டீச்சர் கொஞ்சமாவது நிமிர்ந்து உட்கார்ந்தது அந்தப் பேச்சுக்குப் பிறகுதான்.

அண்ணனிடம் திட்டம் இருந்தது. "நீ ஒண்ணும் கவலைப்படாத. இருமல் மருந்து குடிச்சேன்னு சொல்லிடு, நான் ஒரு டாக்டர்கிட்ட பேசறேன். அந்தச் சாவிக்காரனையும் பாத்து, தானாத்தான் தடுக்கி விழுந்தேன்னு சொல்ல வச்சிடலாம். நான் போய்ப் பேசினா மாட்டேன்னா சொல்வான்?"

"வேண்டாண்ணே."

"உனக்கு உலகம் தெரியாது பாப்பா."

"உலகம் தெரியாதுதான். ரோடு தெரியும். வேண்டாம்."

வக்கீல் இதைக் கேட்டதும் முதல் தடவையாக முழுசாக விழித்துக்கொண்டார். அண்ணனை நேரில் கூப்பிட்டு, சாட்சியிடம் யாராவது போய்ப் பேசினால் அது இதைவிடப் பெரிய வழக்கு, அதில் அண்ணன்தான் முதல் ஆள் என்று விளக்கினார். அண்ணனின் முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் வழக்கு முடியும்வரை அவர் இந்தப் பக்கம் வந்தால், மரத்தின் விலை ஏறியதைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போவார்.

சாட்சியிடம் போகக்கூடாது என்பது டீச்சருக்கும் சேர்த்துத்தான். அதுதான் அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. போய்க் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று தவித்தார். "இப்பப் போனீங்கன்னா, கலைக்கப் போனீங்கன்னு ஆயிடும்" என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டீச்சர் அந்தச் சந்தைத் தவிர்த்துச் சுற்று வழியாக நடந்தார். வழக்கு முடியும்வரை வண்டி தொடக்கூடாது என்று உத்தரவு. வாழ்நாளெல்லாம் வண்டியில் இருந்து பார்த்த ஊர், நடக்கும்போது வேறு ஊராக இருந்தது. நடைபாதையில் நிற்பவருக்கு ஒவ்வொரு காரும் எவ்வளவு நெருக்கமாக உரசிப் போகிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வக்கீல் சும்மா இருக்கவில்லை. எந்தச் சாட்சிகளையும் ஆதாரங்களையும் வைத்து வழக்குப் போடுகிறார்களோ அதையெல்லாம் பார்க்கிற உரிமை குற்றம் சாட்டப்பட்டவருக்கு உண்டு என்று சொல்லி, எல்லாவற்றின் நகலையும் வாங்கினார். பேக்கரி வாசலில் கேமரா இருந்ததைக் கண்டுபிடித்து, பதிவு அழிந்துபோவதற்குள் கோர்ட் மூலம் எடுக்க வைத்தார். "இதுல நீங்க ஓடியிருந்தா அதுவும் தெரிஞ்சுடும். எடுக்கவா?" என்று முன்கூட்டியே கேட்டார். "எடுங்க சார்" என்றார் டீச்சர். சொன்ன பிறகு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. குடித்திருந்த மூளை எதை நினைவில் வைத்திருக்கிறது, எதைத் தனக்குச் சாதகமாக மாற்றிக்கொண்டது என்று அவருக்கே நிச்சயமில்லை. ஒருவேளை ஓடத்தான் பார்த்தேனோ என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

விசாரணை நாளில் மகளும் வந்தாள். பின் வரிசையில் உட்கார்ந்தாள். நீதிபதி குற்றச்சாட்டுகளைப் படித்து, "ஒத்துக்கறீங்களா?" என்று கேட்டார்.

டீச்சர் எழுந்தார். "குடிச்சுட்டு ஓட்டினதை ஒத்துக்கறேன் ஐயா. அவருக்குக் கை முறிஞ்சது என்னாலதான், அதையும் ஒத்துக்கறேன். ஓடினேன்கறதை மட்டும் ஒத்துக்கல."

படம் போட்டுக் காட்டினார்கள். சத்தமில்லாத படம். கார் தட்டுகிறது, நிற்கிறது. பின்னால் லாரி. கார் மெல்ல நகர்ந்து ஓரமாக ஒதுங்குகிறது. கதவு திறக்கிறது. ஒரு குண்டான பெண் தடுமாறிக்கொண்டே ஓடி வருகிறாள். மண்டியிட்டுத் தரையில் எதையோ பொறுக்குகிறாள். அவள் எவ்வளவு தடுமாறினாள் என்பதையும் படம் ஒளிக்காமல் காட்டியது. தன்னையே அந்தக் கோலத்தில் பார்த்த டீச்சருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அரசு வக்கீல் படத்தை இன்னொரு தடவை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, தப்பி ஓட முயன்ற குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். அது நிரூபணமாகியிருந்தால் சிறைதான் என்று டீச்சரின் வக்கீல் முன்பே சொல்லியிருந்தார்.

மற்ற இரண்டுக்கும் நீதிபதி தாட்சண்யம் பார்க்கவில்லை. "ஊருக்கே ரோட்டு ஒழுக்கம் சொல்லித்தர்றவங்க நீங்க. தெரியாம செஞ்சேன்னு உங்களால சொல்ல முடியாது" என்றார். அபராதம் போட்டார். ஓட்டுநர் உரிமத்தை நிறுத்தி வைத்தார். வண்டிக்குள் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கும் அனுமதியை ரத்து செய்தார். விபத்தில் கைகால் போனவர்கள் மறுபடி நடக்கப் பழகும் நிலையத்தில் ஆறு மாதம் உதவி வேலை செய்ய வேண்டும் என்றார். டீச்சர் தலையாட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

வெளியே படிக்கட்டில் மகள் காத்திருந்தாள். "அன்னிக்கு நான் போட்டுடுன்னு சொன்னேன்" என்றாள்.

"நானும் போடத்தான் இருந்தேன்."

"போட்டிருந்தா, நீ ஓடினவதான்னு நான் கடைசி வரைக்கும் நெனச்சிட்டு இருந்திருப்பேன்மா." ஒரு படி இறங்கித் திரும்பி, "குடிச்சுட்டு ஓட்டினதுக்கு எனக்கு இன்னும் கோபம் தீரல" என்றாள்.

"தீர வேண்டாம்" என்றார் டீச்சர்.

மறுநாள் அவர் சாவிக்காரரைப் பார்க்கப் போனார். கடை பாதி திறந்திருந்தது. மனிதர் வலது கையில் கட்டோடு, இடது கையால் அரத்தைப் பிடித்து, சாவி ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர் அரத்தைக் கீழே வைக்கவில்லை.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"கேஸ் முடியற வரைக்கும் வரக்கூடாதுன்னு வக்கீல் சொல்லிட்டாருங்க. தப்பு என்னோடதுதான். மன்னிச்சுக்குங்க."

"உங்களுக்கு வக்கீல் இருக்காரு. எங்க போகணும், எங்க போகக்கூடாதுன்னு சொல்லித்தர்றாரு. எனக்கு யாரு சொன்னா? நேத்துத் தீர்ப்புங்கறதே பேக்கரிக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கை என்னுது, கேஸ் மட்டும் உங்களுது."

டீச்சருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இத்தனை நாளும் தன் உரிமை என்ன, தான் எதைச் சொல்லலாம், எதைப் பார்க்கலாம் என்றே கேட்டுக்கொண்டிருந்தார். தரையில் விழுந்தவருக்கு என்ன உண்டு என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. "நீங்க என்னைத் திட்டணும்னா திட்டிடுங்க" என்றார்.

"திட்டி என்ன ஆகப்போவுது? வெளிச்சத்தை மறைக்காம நில்லுங்க."

அங்கிருந்து நேராக வக்கீலிடம் போனார். "அவருக்கு என்னென்ன கேக்கலாம் சார்?"

வக்கீல் ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். "நான் உங்க ஆளு, அவருக்கு நான் வாதாடக் கூடாது. எங்க ஆபீஸ்ல இன்னொரு அம்மா இருக்காங்க, அவங்ககிட்ட போகச் சொல்லுங்க. கார் டிரைவிங் ஸ்கூல் வண்டி, இன்ஷூரன்ஸ் உண்டு. வைத்தியச் செலவு, வேலை போன நாளுக்கு நஷ்டம், எல்லாம் கேக்கலாம். உங்களுக்கு எதிராத்தான் கேக்கணும், பரவாயில்லையா?"

"எனக்கு எதிராத்தானே கேக்கணும்" என்றார் டீச்சர்.

டீச்சரோடு அந்த ஆபீசுக்கு வர சாவிக்காரர் சம்மதிக்கவில்லை. மகள்தான் ஒரு விடுமுறை நாளில் அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். போகும் வழியில் அவர் கையை வாங்கிப் பார்த்து, கட்டு பிரித்த பிறகு விரல்களை எப்படி மடக்கிப் பழக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாளாம். நஷ்டஈடு இழுத்தடித்து, கேட்டதைவிடக் குறைவாகத்தான் வந்தது. ஆனால் வந்தது.

டீச்சர் இப்போது டிரைவிங் ஸ்கூலில் கரும்பலகை வகுப்பு மட்டும் எடுக்கிறார். முதலாளி வேண்டா வெறுப்பாகத்தான் வைத்துக்கொண்டார். சாலைக் குறிகளுக்கு நடுவே அவர் இன்னொன்றையும் சொல்லித் தருகிறார். போலீஸ் நிறுத்தினால் என்ன செய்வது, எதற்குப் பதில் சொல்லியாக வேண்டும், எதைப் படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது, வக்கீலை எப்படிக் கேட்பது. முதல் வரிசையில் இருந்த ஒருவன் ஒரு தடவை இளித்துக்கொண்டே, "அப்ப குடிச்சாலும் தப்பிச்சுக்கலாம்னு சொல்லுங்க டீச்சர்" என்றான்.

"நான் தப்பிக்கலையே" என்றார் டீச்சர். "அதனாலதான் உனக்குக் கரும்பலகையில கியர் படம் போட்டுக்கிட்டு இருக்கேன். செஞ்சதுக்கு நான் தண்டனை வாங்கினேன். செய்யாததுக்கு வாங்கல. அந்த ரெண்டையும் பிரிக்கத்தான் உரிமைன்னு ஒண்ணு இருக்கு."

அவன் இளிப்பை நிறுத்திவிட்டான். புரிந்துதான் நிறுத்தினானா என்று டீச்சருக்குத் தெரியவில்லை.

அவர் இப்போது அந்தச் சந்து வழியாகவே நடந்து வேலைக்குப் போகிறார். சாவிக்காரரின் மணிக்கட்டு முழுசாகத் திரும்பவில்லை. குளிர் நாளில் வலிக்கும் என்று மகளிடம் சொன்னாராம். டீச்சர் கடையைத் தாண்டும்போது வணக்கம் வைப்பார். சில நாள் அவர் பதிலுக்குத் தலையாட்டுவார். சில நாள் சாவியைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். இரண்டும் அவர் இஷ்டம்.